ஒன்பதாம் நாள் பக்கம் மாறியது

எங்கள் கோவிலில் செயலாளர் மாறினால் நோட்டும் காணாமல் போகும். கிள்ளானில் இருக்கும் அந்த அம்மன் கோவிலுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஆண்டுக் கூட்டத்தில் தோற்றுப்போன ஒவ்வொரு செயலாளரும் முதலில் செய்யும் காரியம், திருவிழா நோட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான். பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம், அல்லது ஒரு குழுவின் உபயம். அன்றைய பூசை, அலங்காரம், அன்னதானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு அபிஷேகம், என்ன பிரசாதம் என்பதெல்லாம் அந்த ஒரு நோட்டில்தான் இருக்கும். கொண்டுபோனவருக்குக் கோபம் ஆறும்வரை கோவிலே அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

அப்படி ஒரு நோட்டு நிரந்தரமாகவே தொலைந்துபோன வருடத்தில் நான் இணையத்தில் ஒரு விக்கி போட்டுக் கொடுத்தேன். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன், பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. அங்கே எங்கள் வேலை விவரம் முழுவதும் பலபேர் திறந்து திருத்தக்கூடிய பக்கங்களில்தான் இருக்கிறது. அதையே கோவிலுக்கும் செய்தேன். முதல் நாள், இரண்டாம் நாள் என்று நாளுக்கு ஒரு பக்கம். அதுபோகப் பந்தல், சமையல் சாமான், பால்குடம் என்று சில்லறைப் பக்கங்கள். கமிட்டியும் உபயக்காரர்களும் திருத்தலாம். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்பது அங்கேயே பதிவாகும். யாரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. இதை நான் விளக்கியபோது கமிட்டியில் இரண்டு பேருடைய முகம் சுருங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் இனிக்கிறது.

ஆனால் பக்கத்தைத் தினமும் போய்ப் பார்ப்பவர் யார்? முதல் வருடமே ஐந்தாம் நாள் அபிஷேகத்தை ஒரு மணி நேரம் முன்கூட்டியே வைக்க முடிவு செய்தார்கள். பக்கத்தில் ஒழுங்காக மாற்றியும் வைத்தார்கள். உபயக் குடும்பத்துக்கு மட்டும் தெரியாது. அவர்கள் செராஸிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது அபிஷேகம் முடிந்து அம்மனுக்குச் சேலையும் கட்டியாகிவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் பால்குடத்தை என் முன்னால் இறக்கி வைத்தார்.

"கம்ப்யூட்டர்ல போட்டுட்டா எங்களுக்குச் சொன்ன மாதிரி ஆயிருமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். அன்று முழுவதும் நான் யார் முகத்திலும் விழிக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, விக்கியில் எது மாறினாலும் எல்லோருடைய போனுக்கும் செய்தி போகும்படி செய்தேன். அது அதைவிட மோசம். பத்துக் கிலோ கத்தரிக்காய் பன்னிரண்டு கிலோ ஆனதற்கும் ஊர் முழுக்க மணி அடித்தது. ஒரே வாரத்தில் எல்லோரும் அதன் வாயை அடைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்வதும் ஒருவருக்கும் சொல்லாததும் ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி அறிவிப்பு ஃபீட் வைத்தேன். 'இந்தப் பக்கம் மாறினால் எனக்குச் சொல்' என்று ஒரு பொத்தான். மூன்றாம் நாள்காரர் மூன்றாம் நாள் பக்கத்தில் அழுத்திக்கொண்டால் போதும். அந்தப் பக்கம் மாறும் நேரத்தில் எடுத்த வரி எது, சேர்த்த வரி எது என்று அவர் போனுக்கு வந்துவிடும். மற்ற ஒன்பது நாளின் கத்தரிக்காய் அவரைத் தொந்தரவு செய்யாது.

இதற்குக் கமிட்டியில் முதலில் கை தூக்கியவர் இப்போதைய செயலாளர்தான். "சுண்டலா பொங்கலான்னு எனக்குத்தான் போன் அடிக்கிறாங்க தங்கச்சி. இனிமே உங்க மிஷினே சொல்லட்டும் லா" என்றார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். திருவிழா இல்லாத மாதங்களில் நானும் சொல்வேன்.

இனி ஒன்பதாம் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரு கூட்டும் பெண்களின் நாள். நகராண்மைக் கழகத்துக்குக் கிள்ளான் தெருக்களைக் கூட்டிக்கொண்டிருந்த முப்பது பேர் சேர்ந்து எடுத்த உபயம். என் அம்மாவும் அதில் ஒருத்தி. கோவிலில் அப்போது ரதம் கிடையாது. எட்டாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் யாரும் சீந்தாமல் கிடந்த நாள் என்பதால்தான் அவர்களுக்குக் கிடைத்தது. பிறகு ரதம் வந்தது, அதுவும் ஒன்பதாம் நாளுக்கே வந்தது. புறப்படும் முன் இந்தப் பெண்கள் மஞ்சள் சேலையோடு இறங்கி ரதம் போகும் பாதை முழுவதையும் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். கூலிக்குக் கூட்டிய அதே தெருவை வருடத்தில் ஒரு நாள் அம்மனுக்காகக் கூட்டினார்கள். கூட்டி முடித்து, குளித்து, மாலையும் பரிவட்டமும் வாங்கிக்கொண்டு ரதத்துக்கு முன்னால் நடப்பார்கள். அன்று கோவிலே அவர்களுடையது.

பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை என்று கேட்டால் 'கவுன்சிலில் வேலை' என்பேன். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன். கேட்டவர்கள் மேசை வேலை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ஒன்பதாம் நாள் மாலையோடு அம்மா நடந்து வரும்போது மட்டும் "எங்கம்மா" என்று பக்கத்தில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்வேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குழுவில் அவளுடைய இடம் எனக்கு வந்தது.

ரதம் பெரிதாகப் பெரிதாக ஒன்பதாம் நாளும் பெரிதானது. கேமரா வந்தது, பிரமுகர்கள் வந்தார்கள். சென்ற ஆண்டு ஷா ஆலமில் தொழிற்சாலை வைத்திருக்கும், அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோ ஒருவருக்கு அந்த நாள் பிடித்துப்போனது. ரதத்துக்குப் புதிதாக விளக்கு அமைத்துத் தருகிறேன் என்று கமிட்டியிடம் சொன்னாராம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி பாவம், வாயில்லாப் பூச்சி. எங்களுக்குக் கொடுக்காதது எப்போதும் கமிட்டிதான்.

எங்கள் கோவிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. திருவிழாவின் முதல் நாள் மாலையில் கொடி ஏற்றிக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் பத்து நாளும் மச்சம் மாமிசம் கூடாது, கோவிலுக்குள் எந்தச் சண்டையும் எழுப்பக் கூடாது. என்ன மனத்தாங்கல் இருந்தாலும் காப்பு அவிழ்த்த பிறகுதான். கமிட்டிக்கு முதலில் கட்டுவார்கள், அது அவர்களுக்கு மரியாதை. பிறகு முதல் நாளில் தொடங்கி வரிசையாக உபயக்காரர்களுக்கு. இந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் செயலாளர் கணக்குப் போட்டிருந்தார். காப்புக் கட்டி முடிந்ததும் அச்சடித்த நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்துவிட்டால் பெண்கள் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துதானே ஆக வேண்டும்?

ஆனால் நிரலை அச்சடிக்கும் கடைக்காரர் இப்போதெல்லாம் விக்கியைப் பார்த்துத்தான் எழுத்துக் கோக்கிறார். பழைய நோட்டிலிருந்து தப்பும் தவறுமாக அச்சாகி அவமானப்பட்ட பிறகு அந்த ஏற்பாட்டையும் நான்தான் செய்திருந்தேன். ஆகவே அச்சுக்குப் போகும் முன் செயலாளர் பக்கத்தைத் திருத்தியே ஆக வேண்டும். காப்புக் கட்டு வெள்ளிக்கிழமை. அவர் புதன்கிழமை மதியம் திருத்தினார். எங்கள் குழுவில் முப்பது பேரும் அந்தப் பக்கத்தின் பொத்தானை அழுத்தி வைத்திருந்தது அவருக்கு நினைவில்லை.

அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் ஒலித்தது.

ஒன்பதாம் நாள் பக்கம் மாறியது.
எடுத்தது: உபயம் – தெரு கூட்டும் பெண்கள் குழு.
சேர்த்தது: உபயம் – டத்தோ குடும்பத்தார். ரதப் பாதை துப்புரவு – பெண்கள் குழு.

மூன்று முறை படித்தேன். உபயத்தைப் பறித்ததைக்கூட ஒருவிதமாகப் புரிந்துகொள்ள முடிந்தது, பெரிய மனிதர்கள் ஆசைப்படுவது ஒன்றும் புதிதில்லை. கீழே கிடந்த அந்த இரண்டாவது வரிதான் என்னை எரித்தது. பெயரை எடுத்துக்கொண்டு விளக்குமாற்றை எங்களிடமே விட்டுவைத்திருந்தார்கள். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

அரைமணி நேரத்தில் செயலாளரிடமிருந்தே போன் வந்தது. முப்பது பெண்களில் எவளோ ஒருத்தி அதற்குள் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

"தங்கச்சி, அந்த ஒன்பதாம் நாளு பேஜ் இருக்குல்ல. அதுக்கு மட்டும் அந்த டிங் டிங்க ஆஃப் பண்ணி வைங்களேன். மூணு நாளைக்குத்தான். அப்புறம் ஆன் பண்ணிக்கலாம் லா."

"எதுக்குண்ணே?"

"சும்மா டிஸ்டர்ப். பொம்பளைங்க என்னவோ ஏதோன்னு பதறுறாங்க."

"பதறத்தான்ணே செய்வாங்க. நீங்க மாத்தினத நீங்களே போன் போட்டுச் சொல்லியிருந்தா மிஷின் எதுக்கு சொல்லப்போவுது?"

"இது கோவில் விஷயம். டெக்னிக்கல் ஆளு டெக்னிக்கல் வேலைய மட்டும் பாத்தா போதும்."

"அதத்தான்ணே பாக்குறேன். பக்கம் மாறினா சொல்றதுதான் அதோட வேலை. நீங்க கை தூக்கித்தானே வச்சோம். ஆஃப் பண்ண மாட்டேன்."

"அட்மின் பாஸ்வர்ட வேற ஆளுகிட்ட கொடுக்க வேண்டி வரும் தங்கச்சி."

"கொடுங்க. யார்கிட்ட கொடுத்தீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதிடுங்க. அதுக்கும் ஒரு டிங் வச்சிடலாம்."

வைத்துவிட்டார்.  எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் கோவிலில் கமிட்டியைப் பகைத்துக்கொண்டவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபத் தேதி கிடைக்காது. இருந்தாலும் ஆஃப் பண்ணவில்லை.

சாயங்காலம் பார்த்தபோது பக்கத்தின் பழைய பதிப்பை மறைத்து வைத்திருந்தார். அவரும் அட்மின்தான், அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. புதிதாகத் திறந்து பார்க்கிறவர்களுக்கு, என்றைக்குமே டத்தோவின் நாள் என்றுதான் தோன்றும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் போன செய்தி போனதுதான். எடுத்த வரியும் சேர்த்த வரியும் முப்பது பேருடைய கைப்பையில் கிடந்தன.

பெண்கள் குழுவின் தலைவிக்கு என் அம்மாவின் வயது. ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து கிள்ளானுக்குப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்தேன். நாளைக்கே போய்ச் சண்டை போடலாம், எல்லோருக்கும் சொல்லி ஆள் திரட்டலாம், பத்திரிகைக்கு எழுதலாம் என்று நான் பொரிந்து தள்ளினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது அக்காவுக்கும் தெரியும்.

"நாளைக்கு காப்புக் கட்டுறது எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழு மணிக்கு."

"கமிட்டிக்குத்தானே முதல்ல கட்டுவாங்க?"

"ஆமா."

"சரி. நீ போன் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை மாலை கோவில் நிறைந்திருந்தது. கொடி ஏறியது. பூசாரி தட்டில் மஞ்சள் கயிறுகளோடு வந்தார். கமிட்டிக்காரர்கள் பட்டு வேட்டியில் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். தலைவர், பொருளாளர், செயலாளர் என்று ஒவ்வொருவருக்காகக் கட்டினார். பிறகு முதல் நாள்காரர், இரண்டாம் நாள்காரர் என்று எட்டுவரை வந்தது. ஒன்பதாம் நாளின் முறை வந்தபோது பூசாரி பெயர் சொல்லாமல் தயங்கினார். அவரிடம் என்ன சொல்லி வைத்திருந்தார்களோ தெரியாது. டத்தோ வந்திருக்கவில்லை, ரதத்தன்று வந்தால் போதும் என்று இருந்திருப்பார்.

அக்கா முன்னால் போனார். பூசாரி கயிற்றை எடுத்தார். அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கட்ட வேணாம் சாமி. கட்டினா பேசக்கூடாது. எனக்குக் கொஞ்சம் பேசணும்."

மேளக்காரர் தானாகவே நிறுத்திவிட்டார். செயலாளர் வேகமாக வந்து குனிந்து, "அக்கா, இங்க வேணாம். ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

"நீங்க பேசக்கூடாது தம்பி. ஒங்களுக்குக் கட்டியாச்சு" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "எங்க நாள யாரு மாத்தினது? எங்ககிட்ட கேட்டீங்களா? நாங்க கூட்டலையா, நாங்க ஆக்கிப் போடலையா? ஒன்பதாம் நாளுன்னு ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாதப்ப நாங்க வச்சிருந்த நாளு அது."

செயலாளர் திரும்பிக் கமிட்டியைப் பார்த்தார். அத்தனை பேர் மணிக்கட்டிலும் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. வழக்கமாக ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளும் ஆட்கள் அத்தனை பேரும் கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை அடக்க வைத்திருந்த கட்டுப்பாடு அவர்கள் வாயைத்தான் முதலில் கட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அம்மா நினைவு வந்து அழுகையும் வந்தது.

"அத மாத்துங்க. மாத்தினா என் கைய நீட்டுறேன். இல்லாட்டி இங்கயேதான் நிப்பேன். பூசாரியும் நிக்கட்டும்."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. செயலாளர் வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து ஏதோ தட்டினார். சன்னிதிக்கு முன்னால் நின்ற முப்பது பெண்களின் கைப்பைகளிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது.

"வாசி பிள்ள" என்றார் அக்கா.

நான் சத்தமாக வாசித்தேன். "சேர்த்தது: உபயம், டத்தோ குடும்பத்தார் மற்றும் பெண்கள் குழு."

அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுக்கவில்லை. "நாங்க யாருகூடயும் சேர்ந்து எடுக்கல. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி."

இன்னொரு முறை தட்டினார். இன்னொரு முறை முப்பது மணி. இம்முறையும் நானே வாசித்தேன். "எடுத்தது: டத்தோ குடும்பத்தார். எடுத்தது: ரதப் பாதை துப்புரவு. சேர்த்தது: உபயம், தெரு கூட்டும் பெண்கள் குழு."

பூசாரி பெருமூச்சு விட்டுக் கயிற்றோடு நெருங்கினார். அக்கா என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இவளுக்குக் கட்டுங்க. மத்தவங்களுக்கும் கட்டுங்க. எனக்கு மட்டும் வேணாம்."

"நீங்கதானே தலைவி" என்றார் பூசாரி.

"நானும் கட்டிக்கிட்டா நாளைக்குக் காலையில திரும்ப மாத்துவாங்க சாமி. யாருமே பேச முடியாது. சண்ட போட ஒரு ஆளாவது மிச்சம் இருக்கணும்."

அம்மனுக்கு முன்னால் நின்று அப்படிச் சொன்னார். பூசாரி அம்மனைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபக்காரி என்று ஊரில் பெயர் வாங்கிய எனக்குப் பத்து நாள் வாய்ப்பூட்டு விழுந்தது. பொறுமைசாலி என்று பெயர் வாங்கிய அக்கா வெறுங்கையோடு பெண்களிடம் திரும்பிப் போனார்.

கோவில் அலுவலகத்தில் கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்த பழைய நிரலைச் சமையல்கட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்னதான மேசையில் விரித்து அதன்மேல் வாழை இலை போட்டோம். புது நிரல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. டத்தோ வேறு கோவில் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி. ரதத்துக்குப் பழைய விளக்கே எரிந்தது, அதில் ஒன்று எரியவில்லை.

நான்காம் நாள் செயலாளர் என்னிடம் வந்தார். அந்த டிங் டிங்கைத் திருவிழா முடிந்ததும் எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு, அன்னதான வரிசையில் சாதம் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் பக்கம் கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

பத்து நாளும் அக்கா காலையும் மாலையும் வந்தார். விரதம் எங்களைப் போலவே இருந்தார், கயிறு மட்டும் கட்டவில்லை. போனை ரவிக்கைக்குள் செருகி வைத்திருந்தார். பூசை நேரத்திலும் அதன் சத்தத்தை அணைக்கவில்லை, அணைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஒன்பதாம் நாள் பாதை கூட்டும்போதும், மாலை வாங்கும்போதும், ரதத்துக்கு முன்னால் நடக்கும்போதும் அது அங்கேயேதான் இருந்தது. காப்பு அவிழ்க்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்திகூட வரவில்லை.